வாவு முதல் கோடை விடுமுறை வரை

பள்ளிக்கூடம் இல்லாத நாளுக்குப் பழைய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வழங்கிய பெயர் 'வாவு'. உவா என்னும் சொல்லின் திரிபு அது. மறைமதி நாளைக் காருவா என்றும் நிறைமதி நாளைச் வெள்ளுவா என்றும் நம் முன்னோர் குறித்தனர். அந்தப் பழந்தமிழ்ச் சொல், ஏட்டையும் எழுத்தாணியையும் மூலையில் வைத்துவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடும் சிறுவனின் வாயில் 'வாவு' எனக் குறுகி நின்றது. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அட்டமி ஆகிய திதிகளில் திண்ணைப் பள்ளிக்கு விடுமுறை. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855ஆம் ஆண்டு பிறந்தவருமான உ.வே. சாமிநாதையர், தாம் கண்ட இவ்வழக்கத்தைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்து வைத்திருப்பதால் இச்சொல் நமக்கு எஞ்சியது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரதமை ஒன்று, அட்டமி ஒன்று, உவா ஒன்று. மாதத்துக்கு ஆறு நாள். ஆண்டுக்கு எழுபதுக்குச் சற்று மேல். இவற்றோடு நவராத்திரி முதலிய பண்டிகை நாட்கள் சேரும். இன்றைய பள்ளிகளுக்குச் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை, தேர்வு விடுமுறை, கோடை விடுமுறை எல்லாம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 200 வேலைநாளும், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 220 வேலைநாளும் வேண்டும் என்கிறது. அதாவது, ஆண்டில் 145 நாளுக்குக் குறையாமல் பள்ளி இல்லை. திண்ணைப் பிள்ளைக்குக் கிடைத்த ஓய்வு இதனினும் குறைவு. ஆனால் நாட்களின் தொகையைவிட அவை விழுந்த முறையே கருதத்தக்கது. உவாவும் அதை அடுத்த பிரதமையும் சேர்ந்தால் இரண்டு நாள். அவ்வளவே தொடர்ந்த இடைவெளி. எண்சுவடியும் குழிமாற்றும் நிகண்டும் மனப்பாடத்தில் நின்ற கல்வி அது. விடியுமுன் கூடி முறை சொல்லி, சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்து, மறுநாளும் ஒப்பிக்க வேண்டிய கல்வியில் ஐம்பது நாள் இடைவெளி என்பதை எந்த ஆசிரியரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். படித்தது காற்றோடு போய்விடும் என்ற அச்சம் இருந்ததால் ஓய்வை நறுக்கி நறுக்கிக் கொடுத்தனர்.

இவ்வகைப் பள்ளிகள் நம் பகுதியில் அரியனவாக இருக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் மாகாணம் முழுவதற்கும் 12,498 பள்ளிகள் என எழுதினார். தஞ்சை மாவட்டத்தின் பங்கு 884 பள்ளிகளும், உயர்கல்விக்குரிய 109 கல்விச்சாலைகளும் ஆகும். இந்தப் புள்ளிகளைக் கொண்டு பழமை முழுவதும் பொற்காலம் எனப் பாடுவோர் உளர். ஒன்றை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்: சேரியில் பிறந்த பிள்ளைக்கு அத்திண்ணைகளின் மீது ஏற இடமில்லை. அவனுக்கு வாவும் இல்லை. வாவு அல்லாத நாளும் இல்லை. அவன் பொழுது முழுவதும் பண்ணையாருடையது. விடுமுறையைக் கூட்டுவதா, குறைப்பதா என்று நாம் பேசத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பிள்ளை நம் கண்ணில் படாமல் நழுவிப் போவான். அவனை விடாது பிடித்துக்கொண்டே இவ்வரலாற்றைச் சொல்ல முயல்கிறேன்.

ஆங்கிலப் பள்ளிகள் வந்தபின் திதிக்குப் பதிலாக ஞாயிறு வந்தது. கோடை விடுமுறையும் வந்தது. குடந்தையில் 1854இல் தொடங்கிப் பின் கல்லூரியாக வளர்ந்த அரசினர் பள்ளியும், 1864இல் தோன்றிய நகர உயர்நிலைப் பள்ளியும் இப்புது நாட்காட்டியை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தன. அக்காலத்தில் வெயிலை வெள்ளைக்கார அதிகாரிகள் அஞ்சிய அளவு நம்மவர் அஞ்சினாரில்லை. 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடைதோறும் உதகைக்கு ஏறிச் செல்வதை முறையாக்கிக்கொண்டது. நீதிமன்றங்கள் மூடப்பட்டன. கல்லூரிகளும் மூடப்பட்டன. ஆளுவோர் மலை ஏறிய பருவத்தில் ஆளப்படுவோரின் பிள்ளைகளுக்குப் பாடம் இல்லாமற் போயிற்று என்று சொல்வது மிகையாகாது.

இதில் பலர் கவனியாத ஒரு செய்தி உண்டு. அக்காலத்துப் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கவில்லை. கணிதமேதை இராமானுசன் 1897 நவம்பரில் தொடக்கநிலைத் தேர்வில் தேறி, அடுத்து வந்த சனவரியில் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்; 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் எழுதி, 1904 தொடக்கத்தில் குடந்தைக் கல்லூரிக்குள் நுழைந்தார். ஆக, ஆண்டு மார்கழியில் முடிந்து தையில் பிறந்தது. கோடை விடுமுறை ஆண்டின் நடுவில் விழுந்தது. தேர்வு முடிந்து நூலைத் தூக்கி எறியும் விடுமுறையன்று அது. பாதிப் பாடம் மீதமிருக்க வந்த விடுமுறை. பின்னர் ஆண்டுத் தொடக்கம் கோடைக்கு அப்பால் தள்ளப்பட்டதும் நாம் இன்று அறிந்த வடிவம் உருவாயிற்று: பங்குனி, சித்திரையில் தேர்வு, அதன்பின் மறதி, ஆனியில் புதுப் புத்தகம். இம்மாற்றத்தால் விடுமுறையின் நீளத்தைவிட அதன் இயல்பே வேறாயிற்று என்பது என் கருத்து. முடியாத பாடத்தைத் தலையில் சுமந்து திரியும் ஓய்வுக்கும், முடிந்த பாடத்தை இறக்கி வைத்துவிட்ட ஓய்வுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியத் தொழிலில் இருந்தவர் அறிவர்.

நீண்ட விடுமுறையால் விளைந்த நன்மையையும் மறைத்தல் ஆகாது. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியர். வகுப்பு நாட்களில் அவர் சம்பளத்துக்கு உழைத்தார். கல்லூரி விடுமுறைகளே அவருக்கு ஏடு தேடி ஊரூராய் அலையும் காலமாக அமைந்தன. 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை: இவை அனைத்தும் அவர் குடந்தையில் பணியாற்றிய காலத்துப் பதிப்புகள். வாவு முறையே கல்லூரியிலும் நீடித்திருந்தால், இரண்டு நாள் ஓய்வில் அவர் நெல்லைச் சீமைக்குப் போய்த் திரும்பியிருக்க இயலுமா? நம் வட்டத்துக் கவிஞர்கள் சங்க நூல்களைக் கையில் எடுக்கும்போது, அவற்றின் பின்னால் உள்ள பல காரணங்களுள் ஓர் ஆசிரியரின் விடுமுறையும் ஒன்று என்பதை எண்ணிக்கொள்ளலாம்.

ஆயினும் அது சம்பளம் நிற்காத ஒருவரின் விடுமுறை. வயல் பக்கம் வருவோம்.

கோடை விடுமுறை உழவுத் தொழிலுக்காக ஏற்பட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். காவிரிப் படுகையைப் பொறுத்தவரை அது முற்றிலும் பொருந்தாது. சம்பாவும் தாளடியும் தை, மாசியில் களத்துக்கு வந்துவிடும். ஈரம் காயுமுன் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனி வாக்கில் கைக்கு வரும். அதன்பின் சித்திரை, வைகாசியில் நிலம் வெடித்துக் கிடக்கும், ஆற்றில் மணல்தான். இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக் கிடை போட வருவார்கள். ஆண்டில் வேலை மிகக் குறைந்த பருவம் அது. கை தேவைப்படும் காலம் வேறு: ஆனி, ஆடியில் குறுவை நாற்றும் நடவும், புரட்டாசி, ஐப்பசியில் ஒரு வயலில் குறுவை அறுப்பும் அடுத்த வயலில் தாளடி நடவும், தையில் பெரிய அறுவடை. அந்த மாதங்களில் எல்லாம் பள்ளி திறந்தே இருக்கிறது. கூலிக்காரர் வீட்டில் தாய் நடவுக்குப் போனால் மூத்த பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். பையன் மாடு மேய்க்கப் போனான். பள்ளி மூடியிருந்த இரண்டு மாதமும் அவர்களுக்கு வேலை இல்லை. பள்ளி திறந்த மாதங்களில் வேலை இருந்தது. இந்த முரண்பாட்டில்தான் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் அடிக்கப்பட்டது.

அமெரிக்க நாட்டிலும் கோடை விடுமுறை உழவர் பிள்ளைகளுக்காக வந்தது என்ற கதை வழங்குகிறது. அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிராமப் பள்ளிகள் கோடையிலும் குளிர்காலத்திலும் நடந்து, விதைப்புக்கும் அறுவடைக்கும் உரிய பருவங்களில்தான் மூடப்பட்டன. நீண்ட கோடை விடுமுறை அங்கும் நகரத்தாரின் ஏற்பாடே.

இம்முரண்பாடு ஆட்சியாளர் கண்ணில் படாமல் இல்லை. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, உழவுக் கிராமங்களில் பள்ளி நடக்கும் வேளையையும் பருவத்தையும் இயன்ற அளவு நெகிழ்த்திக்கொள்ள வேண்டும் என்றது. 1929இல் ஹார்டாக் குழுவும் பள்ளி நேரமும் விடுமுறையும் அவ்வவ்விடத்துப் பருவத்துக்கும் தேவைக்கும் இசைய வேண்டும் என்றே சொன்னது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு குழுக்கள் ஒரே அறிவுரையை வழங்க நேர்ந்தது ஒன்றே, முதல் அறிவுரைக்கு நேர்ந்த கதியைக் காட்டும். நாட்காட்டி எழுதும் அதிகாரம் தலைநகரில் இருந்தது. நடவு நடக்கும் நாள் வாய்க்கால் தலைப்பில் முடிவாயிற்று.

பள்ளிப் பொழுது பற்றிய பெரும்போர் 1953இல் மூண்டது. இராசாசி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. ஆசிரியரும் கட்டடமும் போதாமையால் இரண்டு வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரே பள்ளியில் இடம் கிடைக்கும் என்பது நிர்வாக நியாயம். கைத்தொழில் அறிவும் கல்வியே என்பது கொள்கை நியாயம். எதிர்த்தோர் அதற்கு இட்ட பெயர் குலக்கல்வி. அப்பெயரே நிலைத்தது. பெரியார் கடுமையாக எதிர்த்தார். அவ்வாண்டு ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இத்திட்டத்தின் மீது பாய்ந்தது. பருலேகர் தலைமையிலான குழு திட்டத்தைச் சரியென்று சொல்லியும் பயனில்லை. 1954 மார்ச்சில் இராசாசி விலகினார். ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். மே 18ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டது.

அரைநாள் விடுமுறை என்று இத்திட்டத்தைச் சொல்லலாம். சுவாமிமலையில் இருந்து பார்த்தால் இதன் இரண்டு முகங்களும் ஒருசேரத் தெரியும். தந்தைக்கு மைந்தன் ஆசிரியனாய் அமர்ந்து பொருள் உரைத்த தலம் இது. அறுபது ஆண்டுகளின் பெயரால் அறுபது படிகளை அடுக்கிக் காலத்தின் மீது ஏறிச் செல்லச் சொல்லும் கோயில். அக்கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஸ்தபதிகள் வாழ்கின்றனர். தாராசுரம் கோயில் எழுந்த காலத்தோடு தம் முன்னோரின் வரவை அவர்கள் மரபில் சேர்த்துச் சொல்வர். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி உருவம் சமைத்து, காவிரி வண்டலை அடுக்கடுக்காய்ப் பூசி உலர்த்தி, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு, அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் கலை அது. தென்னோலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறிக்கும் ஒடியோலைக் கணக்கை நூலில் படித்து அறிவது கடினம். விரல் இளமையாக இருக்கும்போதே பழக வேண்டும். உத்தம தசதாலத்தின் 124 அங்குலமும் கையில் படிந்த பின்னரே மனத்தில் படியும். கோடை அதற்குத் தோதான காலம். மண் விரைவில் உலரும். வெயிலில் இளகும் மெழுகைத் தண்ணீர்ச் சட்டியில் இட்டுக் காக்கும் வேலை சிறுவர்க்கு உரியது. இவ்வூர் வார்ப்புப் படிமங்கள் புவிசார் குறியீடு பெற்று உலகெங்கும் செல்வதற்கு, பள்ளி இல்லாத நாட்களில் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளும் காரணம். இப்பட்டறைகளை மட்டும் கண்டவர்க்கு இராசாசியின் திட்டம் அறிவுடைய திட்டமாகவே தோன்றும்.

இரண்டு கல் தொலைவு நடந்து வயலோரத்துக்குப் போனால் அதே திட்டம் வேறாகத் தோன்றும். ஸ்தபதியின் வீடு ஒரு பள்ளி. பண்ணையாளின் வீடு அப்படியா? அவன் பிள்ளை பிற்பகலில் கற்க வேண்டிய தகப்பன் தொழில் யாது? எருமையை ஓட்டுவதும் சாணம் அள்ளுவதும் எசமானர் வாசலில் கைகட்டி நிற்பதும். அதற்கு முந்தைய 1952ஆம் ஆண்டுதான் அதே இராசாசி அரசு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, பண்ணையாளுக்குக் கூலியிலும் வேலையிலும் ஓரளவு உறுதி தந்தது. தகப்பனைப் பண்ணையின் பிடியிலிருந்து சற்றே தளர்த்திய கை, பிள்ளையின் பிற்பகலை அதே பிடிக்கு ஒப்படைத்தது. நோக்கம் அதுவன்று என்று இராசாசியின் பக்கம் நின்று வாதிடுவோர் சொல்வர், நானும் நம்புகிறேன். ஆனால் பள்ளி கைவிட்ட பொழுது எங்கே போய்ச் சேரும் என்பதைத் திட்டத்தின் நோக்கம் முடிவு செய்வதில்லை. பிறந்த தெரு முடிவு செய்கிறது.

இங்கிருந்து நோக்கினால், விடுமுறை பற்றிய வழக்கு வேறு உருவம் கொள்கிறது. அரைநாள் பள்ளியை நீக்கிய காமராசர் 1956இல் பள்ளியில் பகலுணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் நம் படுகையைச் சேர்ந்த திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. இவை எல்லாம் வேலைநாளுக்கு உரியவை. பள்ளி மூடினால் அடுப்பும் அணைகிறது. அணையும் காலமோ, படுகையில் கூலி வேலை அற்றுப்போகும் சித்திரையும் வைகாசியும். ஏழை வீட்டில் வருவாய் வறண்டிருக்கும் அதே மாதங்களில் பிள்ளையின் ஒருவேளை, இப்போது இருவேளை உணவு நிற்கிறது. உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20ஆம் நாள், வறட்சி வட்டாரங்களில் கோடை விடுமுறையிலும் பகலுணவு வழங்க வேண்டும் என ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் வறட்சி என அரசு அறிவிக்காத ஊரிலும் கோடையில் ஆறு வறண்டுதான் கிடக்கிறது.

படிப்பு மறதியைப் பற்றிய செய்திக்கு அயல்நாட்டு ஆய்வுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் காலத்திலேயே எல்லா விடுமுறைகளுக்கும் பேரரசனாக ஒன்று வந்து போயிற்று. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன. அவ்வாண்டு டிசம்பரில் தமிழகக் கிராமங்களில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோர் நடத்திய ஆய்வு, பிள்ளைகள் 2019இல் அதே வயதில் இருந்தவர்களைவிடத் தமிழில் பின்தங்கியதையும், கணக்கில் அதனினும் மிகுதியாகப் பின்தங்கியதையும் கண்டது. ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாயிற்று. மாலைவேளைகளில் தன்னார்வலர் நடத்திய இல்லம் தேடிக் கல்வி அம்மீட்சியில் ஏறத்தாழக் கால்பங்குக்குக் காரணம். இதனால் இரண்டு உண்மை பெறப்படும். நீண்ட இடைவெளி கணக்கைத் தின்னும். எண்சுவடி ஆசிரியர் அஞ்சியது சரியே. ஆனால் அருகில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போனது பெரும்பாலும் திரும்பும்.

இனி அறுவடை விடுமுறை கேட்பதில் பொருளில்லை. தையில் இயந்திரம் அறுக்கிறது. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பிள்ளையின் கையை வயல் கேட்பதில்லை. ஹண்டரும் ஹார்டாக்கும் சொன்னதை நாம் கேட்குமுன் காலம் கடந்துவிட்டது. எஞ்சியவை வெயிலும் பசியும். வெயிலை நோக்க, கோடை விடுமுறையைக் குறைக்க வேண்டும் என்பாரோடு நான் இசையேன். தகரக் கூரையின் கீழ் வைகாசியில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைப்பது கல்வியாகாது. பசியை நோக்க, அடுப்பு எரியாமல் ஒருநாள்கூட நீட்டக் கூடாது என்பேன். பள்ளியை மூடுவதும் சமையற்கூடத்தை மூடுவதும் ஒரே ஆணையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காலையில் உணவு, அதன்பின் மரத்தடியில் ஒரு மணி நேரம் கதையும் கணக்கும், ஒன்பது மணிக்கு வீடு. இதற்கு ஆகும் செலவு சிறிதன்று. சத்துணவு ஊழியர்க்கும் ஓய்வு வேண்டும், அவர்களுக்கு மாற்று ஆள் வேண்டும் என்பதையும் அறிவேன். ஸ்தபதி வீட்டுப் பிள்ளை வரவேண்டியதில்லை. அவனுக்குப் பட்டறை இருக்கிறது. வர வேண்டியவன் வருவான்.

2023ஆம் ஆண்டு ஒரு பொருத்தம் நேர்ந்தது. ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலின் கொடுமையால் இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, ஆறாம் வகுப்பு முதல் உள்ளவர்க்கு ஜூன் 12 அன்று திறந்தன. அதே நாளில் மேட்டூர் அணையும் திறந்தது. 1934இல் கட்டி முடிந்த அணைக்கு ஜூன் 12 வழக்கமான நாள். பள்ளிக்கு அது தற்செயல். மறுஆண்டு பள்ளி ஜூன் 10இல் திறந்தது. அணையில் நீரின்றி ஜூலை 28 வரை மதகு திறக்கவில்லை. 2025இல் பள்ளிக்கு ஜூன் 2, அணைக்கு ஜூன் 12. மேட்டூரில் விட்ட நீர் கல்லணையை எட்ட மூன்று நான்கு நாள் ஆகும். அதன்பின் வாய்க்கால்களில் இறங்கி, வயலில் வேலை தொடங்கி, முதற்கூலி வீட்டுக்கு வர மேலும் சில வாரம் ஆகும். அதுவரை படுகையின் கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு உறுதியாகக் கிடைக்கும் சோறு பள்ளிக்கூடத்துச் சோறுதான்.